சோபால குழந்தை வாந்தி எடுத்துட்டா அந்த வாடை போக என்ன பண்ணணும்

போன நவம்பர்ல, சென்னைல மழை விடாம அடிச்சிட்டு இருந்த வாரத்துல, எங்க சின்னவனுக்கு வாந்தியும் வயித்தால போறதும் ஒண்ணா வந்துச்சு. நாலு வயசு. ஹால் சோபால தூங்கிட்டு இருந்தவன் எந்திரிக்கிறதுக்குள்ள ராத்திரி சாப்பிட்ட தயிர்சாதம், பால், காய்ச்சல் சிரப் எல்லாம் சீட்டு மேலயே வந்துருச்சு, அவன் பயந்து அழறான், நான் அவனைத் தூக்குறதா சோபாவைப் பார்க்கிறதானு தெரியாம நின்னு, அப்புறம் ஒரு பக்கெட் தண்ணிய கொண்டாந்து சீட்டு மேல ஊத்தி துணியால நல்லா தேய்ச்சு விட்டேன். அதான் நான் பண்ண பெரிய தப்பு. மேல பார்க்க சுத்தமா இருந்துச்சு, ஆனா மூணாவது நாள்ல இருந்து யார் உட்கார்ந்தாலும் புளிச்ச வாடை குப்புனு கிளம்புச்சு, வெயிலும் இல்ல, மூணு வாரம் அந்த ஹால்ல நிம்மதியா உட்கார முடியல. அதுக்கப்புறம் குஷன் வேலை பண்ற அண்ணன் கிட்ட கேட்டு, படிச்சு, ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்து கத்துக்கிட்டேன். பிப்ரவரில மூத்தவளுக்கு அதே மாதிரி வந்தப்போ மூணு நாள்ல வாடை சுத்தமா போயிடுச்சு. முதல் தடவை இந்த நிலைமைல நிக்கிறவங்களுக்காக நான் செஞ்ச வரிசையிலயே எழுதுறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கோங்க. வாடை துணில இல்ல, உள்ள இருக்கிற ஃபோம்ல இருக்கு. ஃபோம் ஒரு பெரிய ஸ்பாஞ்ச், நீங்க ஊத்துற ஒவ்வொரு டம்ளர் தண்ணியும் வாந்தியை இன்னும் கீழ கொண்டு போகும். அதனால தண்ணி கம்மி, ஒத்தி எடுக்கிறது அதிகம், காய வைக்கிறது எல்லாத்தையும் விட அதிகம்.

முதல்ல குழந்தை, அப்புறம் சோபா

குழந்தைக்கு வாய் கொப்பளிச்சு விட்டு, டிரெஸ் மாத்தி, வேற ரூம்ல வேற ஆள் கிட்ட படுக்க வைங்க. பக்கத்துலயே ஒரு பேசினும் பழைய துண்டும் வெச்சிடுங்க, ஏன்னா ஒரு தடவையோட நிக்காது. கைக்குழந்தைக்கு போடுவோம்ல ரப்பர் ஷீட், அது பரண்ல கிடந்தா எடுத்து பெட் மேல விரிச்சிடுங்க, அந்த ராத்திரி மெத்தை தப்பிக்கும். ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதுல போட்டிருக்கிற அளவு தண்ணில கரைச்சு (பெரிய பாக்கெட்னா 1 லிட்டர்) ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. குழந்தை ரொம்ப சோர்ந்து போய் கண்ணே திறக்காம கிடந்தாலோ, ஆறேழு மணி நேரமா யூரின் போகலைனாலோ, பச்சையாவோ ரத்தமாவோ வாந்தி வந்தாலோ சோபாவை அப்படியே விட்டுட்டு டாக்டர் கிட்ட ஓடுங்க.

அப்புறம் குழந்தை முன்னாடி சோபாவைப் பத்தி புலம்பாதீங்க. என் பையன் அதுக்கப்புறம் ஒரு மாசம் சோபால ஏறவே பயந்தான், "அழுக்காயிடும்மா"னு சொல்லி தரையிலயே உட்கார்ந்தான், அத நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

கிளவுஸ் போடுங்க, இல்லேன்னா கைல பாலிதீன் கவர் சுத்திக்கோங்க. மாஸ்க் போடுங்க. ஜன்னலைத் திறங்க. குழந்தைகளுக்கு வர்ற இந்த வாந்தி நிறைய நேரம் வைரஸ்னால தான் வரும், அதுல நோரோவைரஸ்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சூண்டு உள்ள போனாலே போதும், வீட்ல எல்லாருக்கும் வந்துரும். அதுக்கு ஹேண்ட் சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டு 20 செகண்டாவது கை கழுவணும். எங்க வீட்ல முதல் தடவை நான் வெறும் கையால தொடச்சேன், ரெண்டு நாள்ல நானும் படுத்துட்டேன்.

இப்போ கெட்டியா இருக்கிறத எடுங்க. வழிச்சு எடுக்கணும், தேய்க்கக் கூடாது. நான் பழைய தோசைக்கரண்டி ஒண்ண இதுக்குனே ஒதுக்கி வெச்சிருக்கேன், ஏ.டி.எம் கார்டு மாதிரி கெட்டியான பழைய அட்டை எதாவது இருந்தாலும் போதும். வெளிய இருந்து உள்ள பார்த்து, ஓரத்துல இருந்து நடுவுக்கு வழிச்சிட்டு வாங்க, அப்போ தான் கறை பரவாது. வழிச்சதை டாய்லெட்ல கொட்டுங்க, தொடச்ச பேப்பரை கவர்ல கட்டி அப்பவே வெளிய வைங்க, கிச்சன் குப்பைக்கூடையில போட்டா வாடை அங்கயும் சேர்ந்துக்கும்.

இதுல எல்லாரும் மறக்கிற இடம் சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்கிற சந்து. தண்ணியா வந்ததெல்லாம் அங்க தான் ஓடி நிக்கும். கையை உள்ள விட்டுப் பாருங்க, ஈரமா பிசுக்குனு பட்டா அங்க இருக்கு. குஷன் தனியா வர்ற சோபானா உடனே குஷனைத் தூக்கி கீழ பலகையைப் பாருங்க, அங்கயும் தேங்கி இருக்கும்.

ஒத்தி எடுக்கிறது

பழைய காட்டன் வேஷ்டி இருந்தா அதை விட நல்ல துணி கிடையாது, நாலா மடிச்சு கறை மேல வெச்சு உள்ளங்கையால முழு பலத்தோட அழுத்துங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க, எடுங்க. மடிப்பை மாத்தி காஞ்ச பக்கத்தை வைங்க. முதல் தடவை துணில மஞ்சளா ஈரம் வட்டமா வரும், அடுத்த தடவை கொஞ்சம் கம்மியா, அதுக்கடுத்து இன்னும் வெளுப்பா. துணில ஈரமே வராத வரைக்கும் விடாதீங்க. எனக்கு பத்து பன்னெண்டு தடவை ஆச்சு. கை வலிச்சா துணி மேல காலை வெச்சு ஏறி நில்லுங்க, நிஜமாவே சொல்றேன், உடம்பு வெயிட்ல தான் ஃபோம் உள்ள இருக்கிறது மேல வரும்.

இந்த ஒரு வேலையை நிதானமா பண்ணிட்டா பாதி வாடை அப்பவே போயிடும்.

சோபா துணி என்னனு பாருங்க

சில சோபால குஷனுக்கு அடியில ஒரு டேக் தைச்சிருப்பாங்க, அதுல ஒரு எழுத்து இருக்கும். டபிள்யூனா தண்ணி சேர்த்து க்ளீன் பண்ணலாம், எஸ்னா தண்ணி படக் கூடாது ட்ரை க்ளீனிங் சால்வென்ட் மட்டும் தான், டபிள்யூஎஸ்னா ரெண்டும் ஓகே, எக்ஸ்னா வேக்குவம் மட்டும் தான். நம்ம ஊர்ல ஆர்டர் குடுத்து செஞ்ச சோபால டேக் எல்லாம் இருக்காது, அப்போ பின்னாடி கீழ யாரும் பார்க்காத இடத்துல சொட்டுத் தண்ணி விட்டு வெள்ளைத் துணியால அழுத்திப் பாருங்க, சாயம் இறங்குதா, காஞ்சதும் வட்டமா தடம் நிக்குதானு பார்த்துட்டு மேல கை வைங்க. வெல்வெட், ஸ்வேட் மாதிரி துணில தடம் சீக்கிரம் நிக்கும். ரெக்சின் சோபானா மேல தொடச்சா போதும்னு தோணும், ஆனா தையல் ஓட்டை வழியா உள்ள இறங்கி இருக்கும், தையல் லைன்ல தான் ரொம்ப நேரம் ஒத்தணும்.

குஷன் கவர்ல ஜிப் இருந்தா கழட்டுங்க, கவரைத் தனியா பச்சைத் தண்ணில அலசிட்டு துவைங்க. ஜிப் இருக்கிறதால மட்டும் மெஷின்ல போடலாம்னு அர்த்தம் இல்ல, சில கவர் சுருங்கி திரும்ப மாட்டவே முடியாது, நான் கைல தான் துவைச்சேன்.

சோப்புத் தண்ணி, அதுவும் கொஞ்சமா

அரை லிட்டர் பச்சைத் தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு டீஸ்பூன், அவ்வளவு தான். சுடுதண்ணி வேண்டாம், பால், முட்டை மாதிரி புரோட்டீன் இருக்கிற கறை சூட்டுல துணியோட நல்லா ஒட்டிக்கும். துணிய இதுல நனைச்சு நல்லா பிழிஞ்சு, கறை மேல ஒத்துங்க, அப்புறம் வெறும் தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால சோப்பை எடுங்க, அப்புறம் காஞ்ச துணியால அழுத்துங்க. சோப்பு உள்ள நின்னுட்டா அதுவே அப்புறம் அழுக்கை இழுக்கும்.

சிரப் கறையை லேசா விட்டுடாதீங்க. அந்த பிங்க், ஆரஞ்சு கலர் சிரப் எல்லாத்துலயும் பெரும்பாலும் சக்கரை இருக்கு, ஓ.ஆர்.எஸ்லயும் சக்கரை உப்பு ரெண்டும் இருக்கு. எங்க வீட்ல ஒரு வாரம் கழிச்சு சோபா கால் வழியா எறும்பு வரிசையா ஏறிட்டு இருந்துச்சு, அது போய் நின்ன இடம் பார்த்தா சரியா சிரப் இறங்கின மூலை. அந்த இடத்தை வெறும் தண்ணியால ரெண்டு மூணு தடவை கூடவே ஒத்தி எடுங்க.

ஆப்ப சோடா

வாந்தில அந்த புளிச்ச வாடைக்கு பெரிய காரணம் பியூட்ரிக் ஆசிட். கெட்டுப் போன வெண்ணெய்ல வர்றதும் அதே தான், அதனால தான் பால் தயிர் சாப்பிட்ட குழந்தை வாந்தி எடுத்தா கூடுதலா நாறும். இது ஆசிட், ஆப்ப சோடா காரம், ரெண்டும் சேர்ந்தா உப்பா மாறிடும், உப்பு காத்துல கிளம்பாது, மூக்குக்கும் வராது. வாடை மறைஞ்சு போறது வேற, இல்லாம போறது வேற. சோடா ரெண்டாவது வேலையைச் செய்யுது.

பேக்கிங் பவுடர் வேற, துணி துவைக்கிற வாஷிங் சோடா வேற, மாத்தி வாங்கிடாதீங்க. மளிகைக் கடைல சோடா உப்புனு கேட்டா குடுப்பாங்க. துணி லேசா ஈரமா இருக்கும்போதே ஒரு ரூபா காயின் கனத்துக்கு தாராளமா தூவுங்க, கையால மெதுவா அழுத்தி விடுங்க, அந்த சந்துக்குள்ளயும் தூவுங்க. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும், எட்டு மணி நேரமாவது. காலைல பார்த்தா கட்டி கட்டியா, சில இடத்துல மஞ்சளா இருக்கும். பழைய பிரஷ்ஷால கூட்டி எடுத்துட்டு, மிச்சத்துக்கு மட்டும் வேக்குவம் போடுங்க, நேரா வேக்குவம் வெச்சா அந்த நைஸ் பவுடர் ஃபில்டரை அடைச்சிடும். ஈரமா இருக்கும்போது சாதா வேக்குவம் வைக்கவே கூடாது. வாடை மிச்சம் இருந்தா திரும்ப ஒரு தடவை தூவுங்க, எனக்கு ரெண்டு ராத்திரி வேண்டி இருந்துச்சு.

வினிகரை இதோட கலந்து நுரை வர வைக்கிற வீடியோ நிறைய சுத்துது. நுரை வரும், பார்க்க வேலை செய்யற மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிட்டு கடைசில மிஞ்சறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி தான். வாந்திக்கு சோடா போதும். வினிகர் எதுக்குனா யூரினுக்கு, காய்ச்சல்ல குழந்தை சோபால யூரின் போயிட்டா பழசானதும் அமோனியா வாடை அடிக்கும், அது காரம், அதுக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் ரெண்டு பங்கு தண்ணி கலந்து ஒத்தி எடுத்து, காஞ்சப்புறம் சோடா தூவலாம்.

அப்பவும் போகலைன்னா

என்சைம் க்ளீனர். நாய் பூனை வளர்க்கிறவங்களுக்காக பெட் ஷாப்ல விக்கிறாங்க, ஆன்லைன்லயும் கிடைக்கும். வாந்தி, யூரின், மோஷன் இதுல இருக்கிற புரோட்டீனையும் கொழுப்பையும் என்சைம் உடைச்சிடும், வாடைக்கு மூலமே இல்லாம போகும். ஆனா இதுக்குப் பொறுமை வேணும், ஈரம் இருக்கிற வரைக்கும் தான் என்சைம் வேலை செய்யும், தெளிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல தொடச்சா காசு வேஸ்ட். பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் மேல பாலிதீன் ஷீட் போட்டு மூடி வைங்க. வாடை எவ்வளவு ஆழத்துல இருக்கோ அவ்வளவு ஆழத்துக்கு இதுவும் போகணும், தண்ணி கம்மினு நான் சொன்னதுக்கு இது ஒண்ணு தான் விதிவிலக்கு. அதே இடத்துல முன்னாடியே டிஸ்இன்ஃபெக்டன்ட் எதாவது ஊத்தி இருந்தா என்சைம் சரியா வேலை செய்யாது, நல்லா எடுத்துட்டு அப்புறம் போடுங்க. பட்டுத் துணி, கம்பளித் துணி மேல போடாதீங்க, அதுவும் புரோட்டீன் தான்.

வெளிர் கலர் துணில கறையும் நின்னுட்டா ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மெடிக்கல்ஸ்ல பொதுவா 6 சதவீதம் தான் கிடைக்கும், சம அளவு தண்ணி கலந்தா 3 சதவீதம் ஆயிடும், அந்த அளவு போதும். டார்க் கலர் துணில சாயத்தை எடுத்துரும், மறைவான இடத்துல டெஸ்ட் பண்ணாம போடாதீங்க.

செய்யவே கூடாதது

ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் லிக்விடோ சோபா மேல வேண்டாம். துணி வெளுக்கும், அதை விட முக்கியம், ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தா குளோரின் கேஸ் வரும், ப்ளீச்சும் யூரின்ல இருக்கிற அமோனியாவும் சேர்ந்தாலும் விஷக் காத்து தான், மூடின ரூம்ல நோயாளிக் குழந்தை பக்கத்துல இது ரொம்ப ஆபத்து. தரை டைல்ஸ்ல சிந்தினதுக்கு மட்டும், முதல்ல தொடச்சு எடுத்துட்டு, 1 லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி வீட்டு ப்ளீச் கலந்து அஞ்சு நிமிஷம் விட்டு தொடைக்கலாம். சோபால வைரஸ் பயம் இருந்தா ஸ்டீம் க்ளீனர் தான் வழி, 70 டிகிரி சூடு 5 நிமிஷம் படணும், 100 டிகிரினா 1 நிமிஷம், அதுவும் கறையை முழுசா எடுத்ததுக்கு அப்புறம், துணி தாங்குமானு பார்த்துட்டு.

பினாயில், செண்ட், ரூம் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க. புளிச்ச வாடையோட மல்லிகைப்பூ வாடை சேர்ந்தா தலைவலி தான் வரும். எங்க மாமியார் சாம்பிராணி போடலாம்னாங்க, நல்ல மனசுல தான் சொன்னாங்க, ஆனா உடம்பு சரியில்லாத குழந்தைக்கு புகை ஆகாது, புகை ஃபோம் உள்ளயும் போகாது. நாப்தலின் உருண்டையை சந்துல போட்டு வைக்கிற பழக்கம் சில வீட்ல இருக்கு, அதை தயவு செஞ்சு விட்டுடுங்க, குழந்தை மிட்டாய்னு வாயில போட்டா உயிருக்கே ஆபத்து, ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுவைக் காப்பாத்துற ஒரு என்சைம் பிறவியிலயே கம்மியா இருக்கிறது) இருக்கிற குழந்தைகளுக்கு ரத்த சிவப்பணுவே உடையும்.

காய வைக்கிறது

இங்க தான் நிறைய பேர் அவசரப்படுறோம். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும், 24 மணில இருந்து 48 மணி நேரத்துக்கு மேல ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் வாந்தி வாடை போய் பூஞ்சை வாடை வரும். குஷனைப் படுக்கப் போடாதீங்க, செங்குத்தா நிறுத்தி, ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி டேபிள் ஃபேன் வைங்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைகீழா திருப்புங்க, ஏன்னா ஈரம் கீழ இறங்கிட்டே இருக்கும். மழைக்காலத்துல ஜன்னலைத் திறந்து வெச்சா வெளி ஈரம் தான் உள்ள வரும், ஏ.சி இருந்தா ட்ரை மோடுல போட்டு ரூமை மூடிடுங்க. வெயில் இருந்தா மாடிக்குக் கொண்டு போகலாம், கவரை உள் பக்கம் வெளிய திருப்பிப் போடுங்க கலர் மங்காது, ஃபோமை நேர் வெயில்ல நாள் முழுக்க விட்டா மஞ்சளாயிடும், நிழலும் காத்தும் இருக்கிற இடம் நல்லது. ரெக்சினை வெயில்ல வைக்கவே வேண்டாம், வெடிச்சிடும். இலவம்பஞ்சு மெத்தைல ஆயிட்டா தண்ணியே காட்டாதீங்க, கெட்டுப்போன இடத்துப் பஞ்சை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை வெயில்ல போடுங்க.

காயும்போது போன கறை திரும்ப மேல தெரியும், பயப்பட வேண்டாம். உள்ள இருக்கிற ஈரம் மேல வரும்போது அழுக்கையும் தூக்கிட்டு வருது. ஈரத்துணியால ஒத்தி, காஞ்ச துணியை அது மேல வெச்சு வெயிட்டா எதாவது தூக்கி வைங்க, கறை அந்த துணிக்கு மாறிடும்.

சீட்டு தனியா வராத, ஆணி அடிச்ச சோபானா கீழ கவுத்துப் பாருங்க. அடியில கறுப்புத் துணி ஸ்டேப்ளர் பின்னால அடிச்சிருப்பாங்க, ஒரு பக்கம் மட்டும் பின்னை நெம்பி எடுத்தா உள்ள காத்து போகும். என் சோபால அந்த கறுப்புத் துணி மேலயே காஞ்சு போன தயிர்சாதம் ஒட்டிட்டு இருந்துச்சு, மூணு வாரமா வாடை அங்க இருந்து தான்.

எல்லாம் பண்ணியும் ரெண்டு வாரத்துல போகலைன்னா ஃபோமை மாத்துங்க. முழு சோபா வேண்டாம், அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் குஷன் கடைல அளவு குடுத்தா வெட்டித் தருவாங்க. நீளம், அகலம், கனம் இஞ்ச்ல அளந்துட்டு போங்க, பழைய ஃபோம்ல ஒரு துண்டு எடுத்துட்டு போனா அதே டென்சிட்டில குடுப்பாங்க. புது ஃபோமுக்கு மேல, கவருக்கு உள்ள, தண்ணி இறங்காத துணில ஒரு உறை தைச்சு மாட்டச் சொல்லுங்க.

வாடை போச்சானு தெரிஞ்சுக்க நம்ம மூக்கை நம்ப முடியாது, அந்த ரூம்லயே இருந்து பழகிடும். பத்து பதினஞ்சு நிமிஷம் வெளிய நடந்துட்டு வந்து, நேரா சோபா கிட்ட போய் குஷனை ரெண்டு கையாலயும் அழுத்தி அப்பவே மோந்து பாருங்க, ஃபோம்ல இருந்து காத்து வெளிய வரும், இருந்தா அதுல தெரிஞ்சிடும். மழை வர்ற நாள்ல ஒரு தடவை பாருங்க, ஈரக் காத்துல மிச்சம் மீதி இருந்தாலும் கிளம்பும். நான் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஒண்ணும் சொல்லாம உட்கார வெச்சு காபி குடுத்தேன், அரை மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க, கடைசில நானே "அக்கா எதாவது வாடை வருதா"னு கேட்டதுக்கு "என்ன வாடை, காபி வாடை தான் வருது"னாங்க, அப்புறம் தான் அடியில அந்த கறுப்புத் துணியைத் திரும்ப பின் அடிச்சு மூடினேன்.